அறுவை சிகிச்சையில் எடுக்கும் கட்டியின் மீதித் திசுவை ஆராய்ச்சிக்குக் கேட்கிறார்கள்: அதை வைத்து என்ன செய்வார்கள்?

காட்பாடி மகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58. இடது மார்பில் கட்டி தென்பட்டு, ஊசி வழியாகச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த வாரம் மாவட்டத்துக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. பணம் கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஐந்து பக்க ஆங்கிலப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்து, கடைசிப் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தை உடனே வாங்கி வரச் சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓரமாக உட்கார்ந்து படித்த பிறகே, பரிசோதனைக்குப் போக மிஞ்சும் கட்டித் திசுவை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கும் படிவம் அது என்று விளங்கியது. என்ன ஆராய்ச்சி என்று கேட்டதற்கு அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று படிவத்தோடு வந்துவிட்டேன்.

அம்மா ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தன் உடம்பிலிருந்து எடுத்ததை முகம் தெரியாத யாரோ வைத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குச் சங்கடமாக இருக்கிறது. எனக்கோ, உதவும் என்றால் கொடுக்கலாமே என்று தோன்றுகிறது. அந்தத் திசு எங்கே போகிறது, அதிலிருந்து புதிய மருந்து எப்படி வருகிறது, கொடுப்பதால் அம்மாவுக்கு நன்மையோ தீமையோ உண்டா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

பாகாயம் பெரியவர் எழுதியது:

தம்பி, நான் திசுப் பரிசோதனை ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்லன். திசு எங்கள் கைக்கு வந்த பிறகு நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

அறுவை அரங்கிலிருந்து கட்டி, திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் கரைசல் நிறைந்த டப்பாவில் வரும். ஒரு நாள் ஊறியதும் வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போலக் கெட்டிப்படும். நோய்க்குறியியல் மருத்துவர் அதன் ஓரங்களில் மை பூசுவார். பிற்பாடு நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்றுச் செல்கள் அந்த மைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால், உடம்புக்குள் மிச்சம் இருக்கக்கூடும் என்று பொருள். பிறகு கட்டியைத் தபால் தலை அளவுத் துண்டுகளாக வெட்டி, நீரை நீக்கி, உருக்கிய பாரஃபின் மெழுகில் புதைப்போம். இதைத்தான் பிளாக் என்கிறோம். அந்தப் பிளாக்கை மைக்ரோடோம் என்ற கருவியில் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லாத சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக இறங்கும். அருகில் நின்று பலமாக மூச்சு விட்டாலே சுருண்டுவிடும். அதை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும். கண்ணாடி ஸ்லைடை அடியில் நுழைத்து மெதுவாக அள்ள வேண்டும். சாயம் ஏற்றியபின் செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

மார்பகப் புற்று என்றால் அதோடு நிற்காது. அதே பிளாக்கிலிருந்து இன்னும் சில சீவல்கள் எடுத்து, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றனவா, ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்ப்போம். ஹெர்2க்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். 2 வந்தால் மரபணுவையே எண்ணிப் பார்க்கும் இன்னொரு சோதனை வேண்டும். உங்கள் அம்மாவுக்கு எந்த மருந்து என்பது இந்த மூன்று முடிவுகளையும் பொறுத்தே அமையும்.

இவ்வளவுக்கும் பிளாக்கில் மிகச் சிறிய பகுதியே செலவாகும். மற்றது அலமாரியில் இருக்கும். ஆராய்ச்சிக்கு அதைக் கேட்பது ஒரு வகை. அறுவை முடிந்த உடனே, ஃபார்மலினில் போடுவதற்கு முன், சிறு துண்டை எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது இன்னொரு வகை. உயிருள்ள செல்களாகவே வளர்ப்பதற்குக் கேட்பதும் உண்டு. உங்கள் படிவம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். எதுவானாலும், நோய் நிர்ணயத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதை மட்டுமே கொடுப்பார்கள் என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும்.

காங்கேயநல்லூர் மாணவி எழுதியது:

நான் பெங்களூரில் புற்றுநோய்ச் செல்களை ஆராயும் முனைவர் பட்ட மாணவி. பெரியவர் சொன்ன ஹெர்2 எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அண்ணனின் கேள்விக்கு அதுவே நேரான பதில்.

1987இல் கலிஃபோர்னியாவில் டெனிஸ் சிலமனும் உடன் பணியாற்றியவர்களும் 189 பெண்களின் மார்பகக் கட்டிகளிலிருந்து எடுத்த திசுவை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 30 விழுக்காட்டுக் கட்டிகளில் ஹெர்2 மரபணு இருக்க வேண்டிய எண்ணிக்கையைவிடப் பல மடங்கு பெருகியிருந்தது. அந்தப் பெண்களின் மருத்துவக் குறிப்புகளோடு ஒப்பிட்டபோது, மரபணு பெருகியிருந்தவர்களுக்கு நோய் விரைவில் திரும்பியதும் ஆயுள் குறைந்ததும் தெரிந்தது. கட்டி வளர்வதற்கான கட்டளை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அந்தக் கட்டளையை மறிக்கலாம் அல்லவா? அப்படி ஹெர்2 புரதத்தின் மேல் போய் உட்காரும் எதிர்ப்பொருளாக உருவான டிராஸ்டுசுமாப், 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நம் ஊர்களிலும் ஹெர்2 மிகுந்த நோயாளிகளுக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள். 189 பேரின் திசு கிடைக்காமல் போயிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழி இருந்திருக்காது.

உயிருள்ள செல்களைக் கேட்பது வேறு வேலைக்காக. கட்டித் துண்டை நொதி சேர்த்துத் தனித்தனிச் செல்களாகப் பிரித்து, ஊட்டக் கரைசல் நிறைந்த குடுவையில் இட்டு, 37 டிகிரி வெப்பத்தில், காற்றில் 5 விழுக்காடு கரியமில வாயு இருக்கும்படி வைப்போம். காலையில் நான் முதலில் பார்ப்பது கரைசலின் நிறத்தை. இளஞ்சிவப்பாக இருந்தது மஞ்சளாகியிருந்தால் செல்கள் நன்றாகத் தின்று அமிலத்தை வெளியேற்றியிருக்கின்றன என்று பொருள். கலங்கியிருந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது, பல வார உழைப்பு வீண். நன்றாக வளர்ந்த செல்களை 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் பங்கிட்டு, ஒவ்வொரு வரிசையிலும் மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டே போய், மூன்று நாள் கழித்து மஞ்சள் சாயம் ஒன்றை விடுவோம். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும். தட்டின் ஒரு முனையில் அடர்ந்த ஊதாவும் மறுமுனையில் வெளிறிய மஞ்சளுமாக நிறம் படிப்படியாக மாறி நிற்பதைப் பார்த்தால், எந்த அளவில் மருந்து வேலை செய்யத் தொடங்குகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பெரும்பாலான கட்டிச் செல்கள் குடுவையில் சில வாரங்களுக்கு மேல் தாங்குவதில்லை. தடையின்றி வளர்ந்த முதல் மனிதச் செல்கள் 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. ஹீலா என்ற பெயரில் அவை இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அதே ஆண்டு அவர் இறந்துபோனார். தாயின் செல்கள் உலகெங்கும் பயன்படுவது குடும்பத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் தெரியாமலே இருந்தது. நான் அந்தச் செல்களோடு வேலை செய்திருக்கிறேன். அந்த வரலாற்றைப் படித்த பிறகு, உங்கள் கையில் இருக்கும் படிவத்தை வெறும் சம்பிரதாயமாக நினைக்க என்னால் முடியவில்லை. அதை வரிசையில் நிற்பவரிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டது தவறு.

ஆரணி நெசவாளர் எழுதியது:

என் அப்பா நுரையீரல் புற்றில் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் படுக்கையில் இருந்த காலம் முழுவதும் செய்தித்தாளில் வாரம் ஒரு தலைப்பு வந்துகொண்டே இருந்தது: புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு, எலிகளிடம் வெற்றி, செல்கள் அழிந்தன. ஒவ்வொன்றையும் கத்தரித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். தட்டில் செத்த செல் என் அப்பாவின் உடம்பில் ஏன் சாகவில்லை? அந்த மருந்துகளெல்லாம் எங்கே போயின? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

காங்கேயநல்லூர் மாணவி எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வியைத்தான் எங்கள் ஆய்வகத்திலும் ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கொள்கிறோம்.

தட்டில் உள்ள செல்லைக் கொல்வது எளிது. வெந்நீர் ஊற்றினாலும் சாகும். புற்றுச் செல்லைக் கொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லை விட்டுவிட வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அடுத்து, பல ஆண்டுகள் பிளாஸ்டிக் குடுவையில் வளர்ந்த செல்கள் அந்தக் குடுவைக்கே பழகிப்போனவை. அவை அவைதானா என்பதே சில நேரம் சந்தேகம்: வெவ்வேறு புற்றுகளிலிருந்து எடுத்ததாக நம்பி, குடுவையில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பல செல் வரிசைகளில் உண்மையில் ஹீலா செல்களே புகுந்திருந்தன என்று 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் எடுத்துக் காட்டினார். இன்று மரபணு அடையாளம் பார்க்காமல் ஒழுங்கான ஆய்விதழ்கள் பலவும் ஏற்பதில்லை.

எலியிடமும் இதே சிக்கல். மனிதக் கட்டியை எலியின் உடம்பு வெளியே தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்பாற்றல் இல்லாத எலியைப் பயன்படுத்துகிறோம். ஆனால் மனித உடம்பில் கட்டியோடு போராடுவதும் சில வேளை அதற்குத் துணைபோவதும் அந்த எதிர்ப்பாற்றல்தான். அது இல்லாத எலியில் பார்த்தது நம் உடம்புக்கு எப்படி முழுதாகப் பொருந்தும்?

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் கட்டியே ஒரே மாதிரியான செல்களின் கூட்டம் அல்ல என்பது. உங்கள் அப்பாவின் கட்டியில் கோடிக்கணக்கான செல்கள் இருந்திருக்கும். பிரியும் ஒவ்வொரு முறையும் மரபணுவில் சிறு பிழைகள் சேரும். மருந்து கொடுத்தால் அதற்கு வசப்படுபவை செத்து, தாங்குபவை மட்டும் மிஞ்சி, பிறகு அவையே பெருகும். வயலில் ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகிறதோ அதுதான். அதனால்தான் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் நோயாளியின் புதிய திசுவைத் தேடுகிறோம். அதிலிருந்து செல்களை எடுத்து, கூழ் போன்ற பொருளுக்குள் முப்பரிமாணத்தில் வளர்த்தால், மணல் துகள் அளவில் அந்தக் கட்டியின் சாயலுள்ள சிறு உருண்டைகள் உருவாகின்றன. ஆர்கனாய்டு என்கிறோம். பழைய செல் வரிசைகளைவிட அவை நோயாளிக்கு நெருக்கமானவை. அவற்றிலும் ரத்தக் குழாய் இல்லை, எதிர்ப்புச் செல்கள் இல்லை. அவற்றை எப்படிச் சேர்ப்பது என்றுதான் இப்போது பலரும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

குடியாத்தம் வாசகி எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். நித்தியகல்யாணிப் பூச்செடியிலிருந்துதான் புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்று படித்தேன். எங்கள் வீட்டு வாசலிலேயே புதராக வளர்ந்திருக்கிறது. என் நாத்தனாருக்கு நோய் என்று தெரிந்ததிலிருந்து அதன் இலைச் சாற்றைக் குடிக்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். மருத்துவமனையில் ஊசியாக ஏற்றுவதும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வாலாஜா மருத்துவர் எழுதியது:

அம்மா, தயவுசெய்து கொடுக்காதீர்கள். ரத்த நோய் மருத்துவத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற மருந்துகள் வந்தது உண்மை. ஜமைக்காவில் நீரிழிவுக்கு அந்த இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1950களில் அதைச் சோதித்தார்கள். வாய்வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகச் செலுத்திய எலிகளோ நோய்த்தொற்றில் இறந்தன. ஏன் என்று பார்த்தபோது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை வறண்டிருந்தது. மற்றவர்கள் தோல்வி என்று மூடிவைத்திருக்கக்கூடிய முடிவு அது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு இது உதவுமே என்று அவர்கள் யோசித்தார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகள் உருவாகாமல் இந்த மருந்து தடுக்கிறது. குழந்தைகளின் ரத்தப்புற்றுக்கு இன்றும் வின்கிரிஸ்டின் முதன்மையான மருந்துகளில் ஒன்று.

ஆனால் ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு முறைக்கு நாங்கள் கொடுப்பது 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அதுவும் ரத்தக் குழாயை விட்டுச் சற்றே வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும். வீட்டில் அரைத்த சாற்றில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கீமோவோடு சேர்ந்தால் என்ன செய்யும் என்றும் தெரியாது. செடியில் இருக்கிறது என்பதால் அதே செடி மருந்தாகிவிடாது.

பாடாணத்தின் கதையையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வேலூரோடு தொடர்புடையது. வெள்ளைப் பாடாணம் என்று நம் சித்த நூல்கள் சொல்வது ஆர்சனிக் டிரையாக்சைடு. சீனாவின் ஹார்பின் நகரில் 1970களில் நாட்டு மருத்துவர் ஒருவரின் கலவையை ஆராய்ந்து, அதில் வேலை செய்வது இந்த ஆர்சனிக்தான் என்று கண்டார்கள். அது பலனளித்தது எல்லாப் புற்றுக்கும் அல்ல, புரோமைலோசைட்டிக் என்ற ஒரு வகை ரத்தப்புற்றுக்கு. நான் பயிற்சி பெற்ற காலத்தில் அந்த நோயாளிகள் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வடிய வருவார்கள். சில நாட்களிலேயே மூளையில் ரத்தம் கசிந்து இறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த நோயில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ள, இரண்டு மரபணுக்கள் இணைந்து ஒரு கோணல் புரதம் உண்டாகிறது. அது ரத்தச் செல்லை முதிர விடாமல் பிடித்து வைக்கிறது. ஆர்சனிக் அந்தப் புரதத்தைப் பற்றிச் சிதைத்துவிடுகிறது என்பது செல்களை ஆராய்ந்தே தெரிந்தது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள் 1998 முதல் 2004 வரை புதிதாக இந்நோய் கண்ட 72 பேருக்கு ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்துப் பார்த்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாக அடங்கியது. வழக்கமான கீமோவின் செலவையும் பக்கவிளைவுகளையும் தாங்க முடியாத குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய வழி என்பதை அன்று வார்டில் நின்றவர்கள் அறிவார்கள். அதே ஆர்சனிக்கால் இதயத் துடிப்பு தடுமாறலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம் என்பதால், இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் இடைவிடாமல் நடக்கும். பாடாணம் மருந்தானதற்குக் காரணம் அது எந்தச் செல்லில், எந்தப் புரதத்தில், எவ்வளவு அளவில் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டதுதான்.

இன்று இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. நோயாளியின் ரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களையே வெளியே எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றி, மீண்டும் உடம்பில் ஏற்றுகிறார்கள். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. இப்போதைக்கு இது சில ரத்தப்புற்றுகளுக்கே பயன்படுகிறது. மார்பகக் கட்டி போன்ற திடமான கட்டிகளுக்குள் அந்தச் செல்கள் நுழைந்து நிலைப்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது.

ஆரணி நெசவாளர் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் கடைசியில் மனிதரிடம்தானே சோதிக்க வேண்டியிருக்கிறது? அந்த மனிதர் பெரும்பாலும் பணம் இல்லாதவராகத்தான் இருப்பார் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

வாலாஜா மருத்துவர் எழுதியது:

அந்தப் பயம் நியாயமானது, அதனால்தான் கட்டுப்பாடுகள் வந்தன. முதற்கட்டத்தில் சிலரிடம் மட்டும், மிகக் குறைந்த அளவில் தொடங்கி, உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்பது கேள்வி. மூன்றாம் கட்டத்தில் இப்போது உள்ள சிறந்த சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள். மனிதரிடம் சோதனைக்கு வந்த புற்றுநோய் மருந்துகளில் பத்தில் ஒன்றுகூட இறுதி அனுமதி வரை போவதில்லை. உங்கள் அப்பாவுக்காக நீங்கள் கத்தரித்து வைத்த செய்திகளில் பெரும்பாலானவை இந்த வழியில் எங்கோ நின்றுபோயிருக்கும்.

நம் நாட்டில் இத்தகைய சோதனை ஒவ்வொன்றையும் தொடங்கும் முன்பே அரசின் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். யார் வேண்டுமானாலும் அதை இணையத்தில் பார்க்கலாம். சோதனையை ஆராய்ந்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவர்கள் மட்டுமின்றிச் சட்டம் அறிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். சோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டு விதிகள். இவையெல்லாம் எழுத்தில் இருப்பதால் மட்டும் போதாது, நோயாளியோடு இருப்பவர் கேட்க வேண்டும். கேட்பவரை மதிக்காத இடத்தில் சோதனைக்குச் சம்மதிக்க வேண்டாம் என்றுதான் என் நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

காட்பாடி மகனின் படிவம் சோதனைக்கானது அல்ல, திசுவுக்கானது. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. மறுத்தாலும் சிகிச்சை மாறக் கூடாது. கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறவும் முடிய வேண்டும். கொடுப்பதால் உங்கள் அம்மாவுக்கு நேரடிப் பலன் அநேகமாக இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்னொன்றையும் கேளுங்கள்: ஆராய்ச்சியில் குடும்ப வழி வரக்கூடிய மரபணு மாற்றம் ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குச் சொல்வார்களா? உங்களுக்குச் சகோதரிகள் இருந்தால் அது முக்கியம்.

காட்பாடி மகன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழு இழையையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சீவல்களை நீரிலிருந்து அள்ளும் இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஹென்ரியட்டா லாக்ஸுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். தேடிப் பார்த்து ஐந்து என்று சொன்னேன். வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

இன்று மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேட்டேன். இருக்கிறது, யாரும் கேட்பதில்லை என்றார்கள். நாளை ஒருவர் அம்மாவிடமே நேரில் விளக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதித் திசுவைக் கொடுக்க அம்மா சம்மதித்துவிட்டார். குடும்ப வழி மாற்றம் ஏதாவது தெரிந்தால் என் அக்காவுக்கும் தங்கைக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கச் சொல்கிறார். பெரியவரிடம் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி: பின்னால் தனக்கே அந்தத் திசு தேவைப்பட்டால் என்ன செய்வது?

பாகாயம் பெரியவர் எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், தம்பி. அவர் கேட்டது சரியான கேள்வி. நோய் நிர்ணயத்துக்கான பிளாக்குகள் எல்லாவற்றையும் ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஒன்றாவது ஆய்வகத்தில் எப்போதும் இருக்க வேண்டும். அறுவைக்குப் பின் வரும் திசுப் பரிசோதனை அறிக்கையின் மேல் பகுதியில் ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும் இலக்கங்களோடு சேர்ந்திருக்கும். அந்த எண்ணை அறிக்கையோடு சேர்த்து வேறு ஓர் இடத்திலும் எழுதி வையுங்கள். பிறகு வேறு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்பதானாலும், புதிதாக ஒரு மருந்து வந்து அதற்கான சோதனை தேவைப்பட்டாலும், அந்த எண்ணைச் சொல்லி ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கலாம். வாங்கிய பிளாக்கின் மேல் வெயில் படாமல் எடுத்துச் செல்லுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் பேருந்தின் ஜன்னலோரம் வைத்தால் மெழுகு இளகிவிடும்.